குலசேகரம் பக்கம் பணி நியமனம்: குடும்பத்தை எங்கே குடிவைப்பது?

பெரம்பலூர் வேதியியல்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 38. பெரம்பலூரில் தனியார் பள்ளிகளில் பதினொரு ஆண்டு வேதியியல் நடத்திவிட்டு, இப்போதுதான் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். கலந்தாய்வில் என் முறை வந்தபோது சொந்த மாவட்டம் தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தவற்றில் கன்னியாகுமரி என்ற பெயரைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது. எனக்குத் தெரிந்த கன்னியாகுமரியில் மூன்று கடலும் விவேகானந்தர் பாறையும் சிப்பிக் கடைகளும்தான் உண்டு. குலசேகரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கும் என்பது பொங்கல் கழிந்து வேலையில் சேர்ந்த அன்றுதான் தெரிந்தது.

பள்ளியில் குறை ஒன்றுமில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சிவராத்திரிக்கு முந்தைய நாள் காவி உடுத்தி, கையில் விசிறியுடன் ஒரு கூட்டம் 'கோவிந்தா, கோபாலா' என்று கத்திக்கொண்டு சாலையில் ஓடியது. சிவன் கோயிலுக்கு ஏன் கோவிந்தா என்று கேட்டேன். பிளஸ் ஒன் மாணவன் ஒருவன், இது சிவாலய ஓட்டம் என்று சொல்லி, அவர்கள் ஓடிப்போய் வணங்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களின் பெயரையும் வரிசையாக ஒப்பித்தான். தனிம வரிசை அட்டவணையை அவன் அப்படி ஒப்பித்ததில்லை.

என் சிக்கல் வீடு. இப்போது குலசேகரத்தில் இரண்டு ஆசிரியர்களோடு ஓர் அறையில் இருக்கிறேன். மே விடுமுறையில் குடும்பத்தைக் கொண்டுவர வேண்டும். மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. மகள் ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். வாடகை 9,000 ரூபாய் வரை கொடுக்க முடியும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று நான்கு பெயர்கள் காதில் விழுகின்றன. உடன் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் தான் குடியிருக்கும் ஊரைத்தான் சொல்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு பார்த்தவர்கள், பார்த்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு:

தம்பி, வருந்தியவர்களைக் கேட்டிருக்கிறீர்கள். சரியான ஆளிடம் வந்துவிட்டீர்கள். நான் வெளியூர்க்காரன் அல்ல, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரன். ஆனால் இந்த மாவட்டத்தின் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே ஒரு வெளியூர் இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு நடத்தினேன். அதில் ஒன்பது ஆண்டு உங்கள் மலையடிவாரத்தில்.

முதல் நான்கு ஆண்டு நாகர்கோவிலில் குடியிருந்துகொண்டு போய்வந்தேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தானே என்று நினைப்பு. உங்கள் ஊர்ப்பக்கம் நாற்கரச் சாலையில் அது அரை மணி நேரம். இங்கே கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். வடசேரியில் ஏறினால் பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, திருவட்டாறு என்று ஓர் ஊர் முடியும் முன்பே அடுத்த ஊர் தொடங்கிவிடும். வெட்டவெளி என்று ஒன்று வந்தால்தானே ஓட்டுநர் வேகம் எடுப்பார்? குலசேகரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். 6.40-க்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு 8.50-க்குப் பள்ளியில் கையெழுத்துப் போடுவேன்.

காலைப் பயணம் ஆளைக் கொல்லாது. மாலைதான். 4.30 பஸ் போய்விட்டால் அடுத்தது 5.25. ஒரு கார்த்திகை மாதம், அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 46 இருந்த கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நிறுத்தத்தில் நின்றேன். நிறுத்தம் என்றால் ஓர் அயனி மரம், அவ்வளவுதான். குடை மேலே பெய்த மழையைத் தடுத்தது. மரத்தைச் சுற்றிச் சுழன்று அடித்ததை என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தால் நீல மை முழுக்க ஒழுகி, வெளித்தாள்கள் வானம் மாதிரி இருந்தன. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தாள்களைப் பரப்பினோம். மனைவி ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூன்று பிள்ளைகளின் தாளைக் கடைசி வரை வாசிக்க முடியவில்லை. காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து ஊகித்துப் போட்டேன். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன். அவர்களில் ஒருவன் இப்போது பொறியாளர், ஆகவே ஊகம் தப்பில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்னொன்று. வீட்டு வாடகைப்படி நீங்கள் வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்துத்தான் வரும். நாகர்கோவில் வாடகை கொடுத்தாலும் மலையடிவாரத்துப் படிதான் கைக்குக் கிடைக்கும்.

அந்த மழைக்குப் பிறகு குலசேகரத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தேன். ஒரு பிரச்சினை தீர்ந்தது, வேறொன்று முளைத்தது. உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் வயலும், வயலுக்கு நடுவே தெருத்தெருவாக ஊரும் இருக்கும். என் அம்மா அப்படி ஒரு தெருவில் பிறந்து, அப்படி ஒரு தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கல்குளம், விளவங்கோடு பக்கம் நிலமே வேறு. மேடும் பள்ளமும், அவரவர் விளையில், அதாவது தோட்டத்தில், அவரவர் வீடு, சுற்றிலும் தென்னை, பலா, மரச்சீனி, கமுகில் ஏறிய நல்லமிளகுக் கொடி. பார்க்கக் கண் குளிரும். அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட்டால் வருவார், ஆனால் கண்ணுக்குத் தெரியமாட்டார். நடுவில் மதில். அம்மா நாலு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவருகே போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் நான் வந்ததும், "இன்றைக்குப் பதினேழு வண்டி" என்றாள். எட்டு மாதம் பொறுத்தாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஆகவே உங்கள் நான்கு ஊரிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: திருவட்டாறு. குலசேகரத்துக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். தாலுகா தலைநகரம், ஆகவே கடை, வங்கி எல்லாம் உண்டு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலை ஒட்டி, தெரு என்று சொல்லத்தக்க தெருக்கள் இருக்கின்றன. நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து 2022 ஜூலை 6-ஆம் தேதி அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அன்று மலையாளமும் தமிழும் கலந்து வந்த கூட்டத்தில் நானும் நசுங்கினேன். நீங்கள் போனால் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வீட்டை மார்ச், ஏப்ரலில் பார்த்து மயங்காதீர்கள். அப்போது எல்லா வீடும் அழகுதான். ஜூனில் பள்ளி திறக்கும் மணியும் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். அது ஓய்ந்தால் ஐப்பசியில் அடுத்தது. பெரம்பலூரில் ஒரு மழைக்காலம், இங்கே இரண்டு. புதிதாக வெள்ளையடித்த சுவர் என்றால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். சித்திரையில் கிணறு வற்றுமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கடைசியாக: நவம்பர் 1 இங்கே உள்ளூர் விடுமுறை. 1956-இல் அந்த நாளில்தான் இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் விடுமுறை. ஊருக்குப் போவதை இதையெல்லாம் பார்த்துத் திட்டமிடுங்கள்.

வடசேரி டீச்சர்:

கணக்கு சாரின் மழைக்கதையை ஏற்கிறேன். அவர் முடிவை ஏற்கவில்லை.

நான் கரூர்க்காரி. ஆங்கில ஆசிரியை. இந்த மாவட்டத்துக்கு வந்து பதின்மூன்று ஆண்டு. 'பள்ளிக்குப் பக்கத்தில் வீடு' என்ற அறிவுரையை எனக்கும் ஒரு பெரியவர் சொன்னார். களியக்காவிளை பக்கம் முதல் பள்ளி, அங்கே வீடு. பிறகு கொல்லங்கோடு பக்கம் மாறுதல், அங்கே வீடு. பிறகு பூதப்பாண்டி பக்கம். என் மகள் ஆறாம் வகுப்பை எட்டும் முன் மூன்று பள்ளிகளில் படித்துவிட்டாள். கொல்லங்கோட்டில் தோழிகளிடமிருந்து மலையாளம் கற்றுக்கொண்டது ஒன்றுதான் லாபம். மூன்றாவது பள்ளியின் முதல் நாள், "இங்கே எவ்வளவு நாள் இருப்போம்?" என்று கேட்டுவிட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வகுப்பாசிரியை சொன்னார். அன்று இரவே கணவரிடம் சொல்லிவிட்டேன்: இனி பள்ளி மாறட்டும், வீடு மாறக் கூடாது. நாகர்கோவிலில் வீடு எடுத்தோம். அலைச்சல் என்னுடையது, நான் சம்பளம் வாங்குகிறேன், அலைகிறேன்.

சார், நீங்கள் ஆயுள் முழுக்க மலையடிவாரத்தில் இருக்கப் போவதில்லை. பொது மாறுதல் கலந்தாய்வு வரும், நீங்களும் விண்ணப்பிப்பீர்கள். அப்போது திருவட்டாறு வீட்டை என்ன செய்வீர்கள்? என் யோசனை தக்கலை. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல், குலசேகரம் எந்தப் பக்கம் தூக்கிப் போட்டாலும் அங்கிருந்து போகலாம். அம்மாவின் முழங்காலுக்கு அரசுத் தலைமை மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. இரணியல் ரயில் நிலையம் பக்கம். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் அங்கே நின்று திருச்சி வழியாகப் போகிறது, உங்களுக்கு அதுதான் ஊர் வண்டி. திருவட்டாற்றுக் கோயிலுக்கு ஏறும் படிகளை எண்ணிப் பார்த்தீர்களா கணக்கு சார்? முழங்கால் வலிக்காரருக்கு அதையா சொல்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வியில் மகளின் வகுப்பு இருக்கிறது, அம்மாவின் முழங்கால் இருக்கிறது. உங்கள் மனைவி எந்த ஊரில் இருக்க விரும்புகிறார் என்று ஒரு வரி இல்லை. தையல் முகம் பார்த்து வரும் தொழில். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அவர் முதல் ரவிக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

கொல்லங்கோட்டில் காலி செய்தபோது வீட்டுக்காரர் வெள்ளையடிக்க என்று சொல்லி முன்பணத்தில் 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் சண்டை போட முடியவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள். 'ஒற்றிக்கு வீடு' என்று சொன்னால் உங்கள் பக்கத்துப் போக்கியம்தான். பெரிய தொகை, பதிவு செய்யாமல் கொடுக்காதீர்கள்.

அருமனைக்காரன்:

நான் அதே மலையடிவாரத்தில் இன்னொரு பள்ளியில் தற்காலிக ஆசிரியன். இருவரும் பஸ்ஸை மட்டுமே பேசுகிறார்கள். பிளஸ் டூவுக்குச் சிறப்பு வகுப்பு என்று 8.15-க்கு வரச் சொன்னால் பஸ்ஸை நம்பமுடியாது. பைக் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது தக்கலை கொஞ்சம் தூரம், திருவட்டாறு சுகம்.

பைக்கில் ஓர் எச்சரிக்கை: தை, மாசியில் ரப்பர் இலை கொட்டிச் சாலை ஓரமெல்லாம் மெத்தை போட்டிருக்கும். அதன் மேல் ஒரு தூறல் விழுந்தால் வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள். என் வலது முழங்கையில் உள்ள தழும்பு இதற்குச் சான்று.

அருகில் இருப்பதில் இன்னொரு நன்மை. எங்கள் வகுப்பில் பக்கத்து அணையின் மறுகரையில் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து படகில் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கு மணிக்கு அவர்கள் படகுக்கு ஓடுகிறார்கள், நாகர்கோவில் ஆசிரியர்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்க நேரம் எங்கே? காலையில் முக்கால் மணி நேரம் முன்னால் வரமுடிந்த ஆசிரியரைத்தான் அந்தப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

தையலைப் பற்றி அக்கா கவலைப்பட வேண்டாம். என் அக்கா கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கை பொங்கலுக்குத்தான் வந்தது. அதுவும் கை பிடிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை அவ்வளவு.

ஓய்வுபெற்ற கணக்கு:

டீச்சர், படிகளை எண்ணியிருக்கிறேன். பதினெட்டு. பெருமாளைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெருவில் உட்கார்ந்தால் போதும் என்றுதான் சொன்னேன். மகளின் மடியில் இருந்த பையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரம்பலூர் வேதியியல்:

மூவருக்கும் நன்றி. ஐயா, அக்கா, அருமனைத் தம்பி, நீங்கள் சொன்னதையெல்லாம் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 'ஒரு வரி இல்லை' என்ற இடம் வந்ததும், "அந்த டீச்சர் யார்? எண் கிடைக்குமா?" என்றாள். சித்திரைப் பிறப்பு முடிந்ததும் மூன்று நாள் எல்லோரையும் அழைத்து வந்தேன்.

முதலில் தக்கலை. மூன்று வீடு பார்த்தோம். நல்ல வீடுகள்; அவற்றில் இரண்டு வீடுகள் மாடியில் இருந்தன. அம்மா படிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள். கீழ்த்தள வீடு 11,000 ரூபாய். அங்கே வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து, "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டார். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதாக நினைத்து என் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என நான் விளக்கியதும் இருவரும் சிரித்த சிரிப்பில் வாடகை 500 ரூபாய் குறைந்தது. அப்போதும் என் கைக்கு எட்டவில்லை.

மறுநாள் திருவட்டாறு. அம்மா பதினெட்டுப் படியையும் ஏறினாள். இருபது நிமிடம் ஆனது. இறங்கி வந்தபோது நாங்கள் பார்க்க வேண்டிய வீட்டை மறந்துவிட்டு, இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி பூத் தொடுத்துக்கொண்டிருந்த திண்ணையில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து வருவதற்குள் அரை முழம் தொடுத்திருந்தாள்.

வீடு ஓட்டு வீடு, 7,500 ரூபாய். கூடத்தில் புத்தம்புதுச் சுண்ணாம்பு. ஐயா சொன்னது நினைவுக்கு வர, பின்சுவரில் தாழ்வாக மாட்டியிருந்த நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பூசணம். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மே முடிவதற்குள் ஓடு மாற்றித் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். வெள்ளையடிக்கும் செலவையும் சேர்த்துத்தான், அக்கா. கிணறு கடந்த சித்திரையில் இரண்டு வாரம் அடி தெரிந்ததாம், பாட்டிதான் சொன்னார்.

மனைவி எங்களோடு வீட்டுக்குள் அதிகம் நிற்கவில்லை. கடைத்தெருவில் துணிக்கடைக்காரரிடம் லைனிங் ரவிக்கைக்கு இங்கே என்ன கூலி என்று விசாரித்துவிட்டு வந்தாள். பெரம்பலூரை விடக் கூடுதலாம். நான்கு ஆண்டுக்கு இந்த வீடு, அதற்குள் மாறுதல் வந்தாலும் மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை அசையக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். நான் அலைவதாக ஒத்துக்கொண்டுவிட்டேன்.

மே 20-ஆம் தேதி லாரி. இப்போது ஒரே ஒரு சந்தேகம். மனைவியின் தையல் மெஷின் பழையது, மாமனார் வாங்கிக் கொடுத்தது. லாரியில் ஏற்றினால் தாங்குமா?

வடசேரி டீச்சர்:

தலையை மட்டும் கழற்றி, பழைய புடவையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். காலும் பலகையும் லாரியில் வரட்டும். இங்கே வந்ததும் எண்ணெய் போட்டு, மழைக்கு முன் ஊசிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள், ஜூலைக்குள் துருப்பிடித்துவிடும். எனக்கு இரண்டு ரவிக்கை தைக்க வேண்டியிருக்கிறது. எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.